நான்கு ஒலிப்பதிவுகளும் ஒரு தீர்ப்பும்

மேடையில் வளர்ந்தவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பேசி முடித்து வணக்கம் சொன்ன கணத்தில் கண் தானாக நடுவரின் பேனாவைத் தேடும். அது ஓடும் வேகத்தைப் பார்த்தே, நாற்காலிக்குத் திரும்புவதற்குள் முடிவு இன்னதென்று தெரிந்துவிடும். ஏழாம் வகுப்பில் தொடங்கி முதுகலை முடியும்வரை நான் ஏறிய மேடைகள் மிகுதி. வெறுங்கையோடு இறங்கியவை குறைவு. இதைச் சொல்வதில் எனக்குக் கூச்சமில்லை. கெலமங்கலத்தில் எங்கள் வீட்டு அலமாரியின் மேல்தட்டு முழுவதும் கோப்பைகள். இடம் போதாமல் அம்மா அவற்றுள் ஒன்றில் பொத்தான்களைப் போட்டு வைத்திருக்கிறார்.

இப்போது நான் பேசும் மேடைகளில் நடுவர் கிடையாது. ஓசூர்த் தொழிற்பேட்டையின் ஆலைகளில் நடக்கும் பாதுகாப்பு வாரம், குடும்ப விழா, ஆயுத பூசை, பணி ஓய்வுப் பாராட்டு ஆகியவற்றைத் தொகுத்து வழங்குவதும் தொழிலாளர்கள் முன் உரையாற்றுவதும் என் தொழில். எந்த நிறுவனத்திலும் நான் ஊழியர் அல்லேன். அழைத்தால் போவேன், அழைக்காத நாள்களில் அழைப்பை எதிர்பார்த்திருப்பேன். தமிழில் தொடங்கி, கன்னடத்தில் நலம் விசாரித்து, தெலுங்கில் ஒரு வேடிக்கை சொல்லி, மீண்டும் தமிழுக்கு வந்து முடிப்பேன். முடித்ததும் முன்வரிசையில் இருக்கும் மனிதவள அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி எழுவார்.

"சூப்பர் மேடம். டைம் கரெக்டா முடிச்சிட்டீங்க."

மாலையில் கைப்பேசிக்கு ஒரு கட்டைவிரல் படம் வரும். நன்றாகப் பேசிய நாளிலும் அதே கட்டைவிரல்தான். காய்ச்சலோடு போய் உளறிய நாளிலும் அதே கட்டைவிரல்தான்.

மாதச் சம்பளக்காரர்களுக்கு வளர்ச்சி என்பது வெளியிலிருந்து வந்து சேரும். பதவியின் பெயர் மாறும், இருக்கை மாறும், அடையாள அட்டையின் நாடாகூட நிறம் மாறும். தனியாகத் தொழில் செய்பவளுக்கு அப்படி எதுவும் இல்லை. முதல் ஆண்டு எந்த வாயிலில் வருகையாளர் அட்டையைக் கழுத்தில் மாட்டினேனோ, நான்காம் ஆண்டும் அதே வாயிலில் அதே அட்டையைத்தான் மாட்டினேன். ஆகவே எனக்கு நானே மதிப்பெண் தாள் ஒன்றைத் தயாரித்துக்கொண்டேன். பொருள், நடை, குரல், நேரம் என்று நான்கு தலைப்புகள், ஒவ்வொன்றுக்கும் இருபத்தைந்து. ஒவ்வொரு நிகழ்ச்சியும் முடிந்து பேருந்தில் வரும்போதே மதிப்பெண் போட்டுவிடுவேன். முதல் ஆண்டில் அறுபதைத் தொட்டேன். நான்காம் ஆண்டில் தொண்ணூறைத் தாண்டினேன். தானே தேர்வெழுதித் தானே திருத்துகிறவள் தோற்பதில்லை என்ற உண்மை எனக்கும் தெரிந்தேதான் இருந்தது. தெரிந்த உண்மையை ஒத்திப்போடும் வாதத் திறமையும் எனக்கு இருந்தது.

என்னைத் திருத்தத் தெரிந்தவள் ஒருத்தி இருந்தாள். கிருஷ்ணகிரியில் ஒரே கல்லூரியில் படித்தோம். அவளுக்குச் சாமல்பட்டி, அவளுடைய அத்தா கல்லாவிச் சந்தையில் பாத்திர வியாபாரம் செய்பவர். கூவி விற்பவரின் மகள் என்பதால் குரல் பிறவியிலேயே வந்தது என்று நான் சீண்டுவேன். "உனக்கு மட்டும் என்னாவாம், தக்காளிக் காட்டுல ஆடு வெரட்டின தொண்டை," என்பாள். பயிற்சியில் அவள் எப்போதும் எனக்கு எதிரணி. கல்லூரிகளுக்கிடையிலான போட்டிகளில் நாங்கள் ஒரே அணியாகப் போவோம். அதற்கு முன்பு ஒரு வாரம் ஒருவரையொருவர் வெட்டிச் சாய்ப்போம்.

எங்கள் பயிற்சிக்களம் கிருஷ்ணகிரிப் பேருந்து நிலையம். நான் ஓசூர்ப் பக்கம், அவள் ஊத்தங்கரைப் பக்கம். கல்லூரி விட்டு அங்கே வந்ததும் அன்றைய தலைப்பை எடுத்துக்கொள்வோம். விதி ஒன்றுதான்: விவாதம் முடிவதற்குள் தன் ஊர்ப் பேருந்தில் ஏறிவிடுகிறவள் தோற்றவள். அதனால் என் பேருந்து வந்தால் நான் அதைப் பார்க்காததுபோல் பேசுவேன். அவள் பேருந்து வந்தால் அவள் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு குரலை உயர்த்துவாள். அவளுடைய ஊர்க்காரரான நடத்துநர் ஒருவர் படியில் நின்று, "பாப்பா, சண்டைய பஸ்ல வந்து போடு, ஏறு," என்று கத்துவார். "சண்டை இல்லண்ணா, விவாதம்," என்பாள் அவள், திரும்பிப் பாராமலே. மூன்று பேருந்துகளை அப்படி விட்ட நாள்கள் உண்டு. வீட்டில் வாங்கிய வசவுகளுக்கு அளவில்லை.

பிறகு அவளுக்கு வங்கியில் வேலை கிடைத்து இராமநாதபுரத்தில் பணியமர்த்தினார்கள். முதல் ஆண்டு வாரந்தோறும் பேசினோம். இரண்டாம் ஆண்டு மாதந்தோறும். பிறகு பொங்கலுக்கு அவளும் ரம்சானுக்கு நானும் வாழ்த்து அனுப்பினோம். கடைசியில் என் வாழ்த்துக்கு அவளிடமிருந்தும் ஒரு கட்டைவிரல் வந்தது. அன்று நான் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு நெடுநேரம் அதைத் தொடவில்லை.

இந்த ஆண்டு தைப் பிறப்புக்குப் பின், ஓசூரில் உள்ள ஒரு பயிற்சி நிறுவனம் என்னை வேலைக்கு அழைத்தது. ஆலைகளுக்குப் போய்ப் பாதுகாப்புப் பாடம் நடத்தும் பயிற்றுநர் பணி. மாதச் சம்பளம், அடையாள அட்டை, வாகன வசதி. "கன்டென்ட் எல்லாம் ரெடியா இருக்கு மேடம், நீங்க பேசினா போதும்," என்றார் அதன் மேலாளர். மார்ச் மாதத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். அந்த வாரம் அப்பா தோட்டத்திலிருந்து வந்தவுடன் கேட்ட முதல் கேள்வி, "அந்த ஓசூர்க்காரங்க மறுபடி போன் பண்ணாங்களா?" என்பதாகவே இருந்தது.

நான் சொந்தக் காலில் நின்று வளர்ந்திருக்கிறேன் என்றால் இந்த வேலையை மறுக்கலாம். நான்கு ஆண்டுகள் நின்ற இடத்திலேயே நின்றிருக்கிறேன் என்றால் ஏற்றுக்கொள்வதுதான் நேர்மை. ஆனால் வளர்ந்தேனா என்பதை யாரிடம் கேட்பது? என் மதிப்பெண் தாளிடம் கேட்க வெட்கமாக இருந்தது.

அப்போதுதான் அந்தப் பதிவுகள் நினைவுக்கு வந்தன. வாகன உதிரிபாகம் செய்யும் ஓர் ஆலை, தன் பாதுகாப்பு வாரத் தொடக்க விழாவுக்கு நான்கு ஆண்டுகளாக என்னை அழைத்துவருகிறது. அதே கூடம், அதே தலைப்பு, அதே பதினைந்து நிமிடம். வாயிலில் காவலர் என் கைப்பேசியின் கேமராமீது ஒட்டுவில்லையை ஒட்டி உள்ளே விடுவார்; படம் எடுக்க முடியாதே தவிர ஒலியைப் பதிவு செய்யலாம். நான்கு ஆண்டு உரைகளும் என்னிடம் இருந்தன. ஆண்டைக் காட்டிக்கொடுக்கும் வரவேற்புப் பகுதிகளை நீக்கினேன். கோப்புகளைக் குலுக்கி அ, ஆ, இ, ஈ என்று பெயரிட்டேன். அவளுக்கு அனுப்பி, "நான்கு ஆண்டு உரைகள், வரிசைப்படுத்து" என்று மட்டும் எழுதினேன். வேலை வாய்ப்பைப் பற்றி மூச்சுவிடவில்லை. தீர்ப்பில் இரக்கம் கலந்துவிடக் கூடாது என்பது என் எண்ணம். உண்மையில், அவள் குரலைக் கேட்பதற்கு இதைவிடக் கௌரவமான காரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

பதினோரு நாள் பதில் இல்லை. பார்த்துவிட்டாள் என்பதற்கு அடையாளமாக நீலக் கோடுகள் மட்டும் விழுந்தன. மத்திகிரியில் ஒரு திருமண வரவேற்பைத் தொகுத்துக்கொண்டிருந்தபோதுகூட, மணமக்களின் பெயர்களுக்கு நடுவே கைப்பையில் கைப்பேசி அதிர்கிறதா என்று கவனித்துக்கொண்டிருந்தேன். தேர்வு முடிவுக்குக்கூட நான் இப்படிக் காத்திருந்ததில்லை. முடிவைவிட அவள் எனக்காக ஒரு மணி நேரம் ஒதுக்குவாளா என்பதே பெரிதாகிவிட்டது.

பன்னிரண்டாம் நாள் மதியம் அவள் குரல் வந்தது.

"அடியே, நாலையும் ரெண்டு தடவ கேட்டன். சாப்பாட்டு நேரத்துல ஒண்ணு ஒண்ணா. எழுதிக்க. இ, அ, ஈ, ஆ. அவ்ளோதான்."

நான் மறைத்து வைத்திருந்த பட்டியலை எடுத்துப் பார்த்தேன். இ முதல் ஆண்டு. அ இரண்டாம் ஆண்டு. ஈ மூன்றாம் ஆண்டு. ஆ சென்ற ஆண்டு. ஓர் எழுத்துக்கூடப் பிசகவில்லை. நான் சமையலறைக்குப் போய் அம்மாவின் தோளைப் பிடித்துக் குலுக்கினேன். "பால் பொங்குது, விடுடீ," என்றார் அவர். ஆண்டுக்கு ஆண்டு உயர்ந்திருக்கிறேன். இந்த உலகத்தில் நான் மதிக்கும் ஒரே நடுவர் அதைச் சொல்லிவிட்டாள். பயிற்சி நிறுவனத்துக்கு மறுப்புக் கடிதத்தின் முதல் வரியை மனத்தில் எழுதவும் தொடங்கிவிட்டேன்.

ஒரு மணி நேரம் கழித்து இன்னொரு பதிவு வந்தது.

"எத வெச்சு அடுக்கனன்னு கேக்கவே இல்லியே நீ? தரத்த வெச்சு அடுக்கல. 'இ'ல நீ ஒவ்வொரு பாயின்ட் முடிச்சதும் நிக்கற. 'அலட்சியமே விபத்தின் தாய். இல்லையென்று சொல்ல முடியுமா?'ன்னு கேட்டுட்டு நிக்கற. ரெண்டு மூச்சு விடற நேரம். அது எனக்கு விட்ட இடம்டி. பஸ் ஸ்டாண்ட்ல அந்த இடத்துலதான நான் உள்ள வருவன்? நான் 'முடியும்'னு வாயத் தொறந்துட்டன். பக்கத்து சீட்டு சார் என்னை ஒரு மாதிரி பாத்தாரு. 'அ'ல அந்த இடம் பாதியாச்சு. 'ஈ'ல ஒண்ணு ரெண்டுதான் இருக்கு. 'ஆ'ல சுத்தமா இல்ல. கேள்வி கேக்கற, நீயே பதில் சொல்ற, போய்க்கிட்டே இருக்கற. அதனாலதான் அது கடைசி வருசம்னு தெரிஞ்சுது."

உடனே அழைத்தேன். எடுத்தாள்.

"அப்படியென்றால் எது சிறந்தது?" என்றேன். கோபம் வந்தால் என் தமிழ் மேடைக்கு ஏறிவிடும்.

"யாருக்கு சிறந்தது? உன்னைக் கூப்பிடறவங்களுக்கு 'ஆ' சிறந்தது. அப்பிடியே ரேடியோ மாதிரி இருக்கு."

"இடைவெளி என்பது தயக்கம். தயக்கம் குறைவது தேர்ச்சி. இதை நீ மறுக்க முடியாது."

"மறுக்க நேரமில்லம்மா, கூட்டம் நிக்குது," என்று வைத்துவிட்டாள்.

இரண்டு நாள் நான் அவளோடு மனத்துக்குள் வாதாடினேன். ஆலைக் கூடத்தில் முந்நூறு பேர் உட்கார்ந்திருக்கும்போது மௌனம் விடுவது நேரத்தை வீணாக்குவதாகும். அங்கே பேச வந்தவள் நான் ஒருத்தி. எதிரணி என்று ஒன்று இல்லை. இல்லாத எதிரணிக்கு ஏன் இடம் விட வேண்டும்? ஒவ்வொரு வாதமும் உறுதியாகவே இருந்தது. ஆனால் முதல் ஆண்டுப் பதிவை மறுபடி போட்டுக் கேட்டபோது அந்த இரண்டு மூச்சு நேரம் என்னைக் கலங்க வைத்தது. அது தயக்கமே அல்ல. அதில் ஒரு பெண் யாரோ பேசுவார்கள் என்று நம்பி நிற்கிறாள். யாரும் பேசவில்லை. கூடத்தின் மின்விசிறிகள் மட்டும் சுழல்கின்றன. நான்கு ஆண்டுகளில் அந்தப் பெண் நம்புவதை விட்டுவிட்டாள். நான் அதற்கு இருபத்தைந்துக்கு இருபத்து மூன்று போட்டிருக்கிறேன்.

தீர்ப்பு வந்தும் முடிவு வரவில்லை. அந்த நிலையில்தான் மார்ச் முதல் வாரத்தில் அதே ஆலைக்கு ஐந்தாம் முறையாகப் போனேன்.

கூடம் நிறைந்திருந்தது. இந்த ஆண்டு பெண் தொழிலாளர்கள் மிகுதி. நீல மேலங்கியில் நான்கு வரிசை. உரையை அதே வேகத்தில் தொடங்கினேன். கையுறைப் பகுதி வந்தது. "கொடுத்த கையுறையைக் கழற்றி வைப்பது யார் குற்றம்? அலட்சியமே விபத்தின் தாய். இல்லையென்று சொல்ல முடியுமா?" என்று கேட்டேன். நிறுத்தினேன். திட்டமிட்டு நிறுத்தினேனா, அவள் குரல் காதில் இருந்ததால் நின்றேனா என்று இன்றும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஒரு மூச்சு. இரண்டு மூச்சு. முன்வரிசையில் மனிதவள அதிகாரி, நான் வரியை மறந்துவிட்டேன் என்று நினைத்துக் கைதட்டத் தயாரானார். மூன்றாம் மூச்சில் நான்காம் வரிசையிலிருந்து ஒரு குரல்.

"அலட்சியம் இல்ல மேடம். சைஸ் இல்ல."

சிரிப்பு எழுந்தது. மேற்பார்வையாளர் திரும்பி, "ஏம்மா, சும்மா இரு," என்றார்.

"இருங்கள் சார், எதிரணி பேசட்டும்," என்றேன். அந்தச் சொல் தானாக வந்துவிட்டது.

இருபத்தைந்து வயது இருக்கும் அந்தப் பெண்ணுக்கு. எழுந்து, சட்டைப்பையிலிருந்து கையுறையை எடுத்து மாட்டிக் கையை உயர்த்திக் காட்டினார். ஒவ்வொரு விரல் நுனியிலும் ஓர் அங்குலம் வெறுமையாகத் தொங்கியது.

"எல்லாம் ஆம்பளைங்க சைசுதான் மேடம். தகடு தூக்கறப்ப நுனி மடிஞ்சு வழுக்குது. தகடு கால்ல விழுறத விட, கையில கீறல் பட்டாப் பரவால்லன்னு கழட்டிடறோம்."

"கையி சின்னது, வாயி பெருசு!" என்று பின்னாலிருந்து ஓர் ஆண் குரல்.

"ஆமாண்ணா, இதுக்குள்ள இன்னொரு கை போகும். வந்து உன் கையையும் விடு," என்றார் அவர். இந்த முறை சிரிப்பில் கூடம் அதிர்ந்தது. பக்கத்திலிருந்த பெண்கள் ஒவ்வொருவராகத் தங்கள் கையுறைகளை எடுத்து உயர்த்தினார்கள். தொங்கும் நுனிகள் அசைந்தன.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மறுப்புரை என் நாவில் மூன்று விதமாக வந்து நின்றது. புகார் செய்திருக்கலாமே என்று கேட்டிருக்கலாம். விதிவிலக்கை வைத்து விதியை மறுக்கலாகாது என்று சொல்லியிருக்கலாம். ஒரு வேடிக்கை சொல்லித் திசை திருப்பியிருக்கலாம். இவற்றால் நான் வென்ற மேடைகள் உண்டு. அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான்கு ஆண்டுகள் இதே கூடத்தில் நின்று இவர்களை அலட்சியக்காரர்கள் என்று அழகாகச் சொல்லியிருக்கிறேன். ஒலிபெருக்கியில் சொன்னேன்:

"இதற்கு என்னிடம் பதில் இல்லை. நான் இதுவரை சொன்னது தவறு."

அதற்குப் பிறகு என்ன பேசினேன் என்று சரியாக நினைவில்லை. நேரம் கடந்துவிட்டது. இறங்கியபோது மனிதவள அதிகாரி 'சூப்பர்' சொல்லவில்லை. "மேடம், நெக்ஸ்ட் டைம் ஸ்பீச்ச முன்னாடியே மெயில் பண்ணிடுங்க. நாங்க ஒரு தடவ பாத்துடறோம்," என்றார். அடுத்த முறை என்று ஒன்று இராது என்பது அவர் குரலிலேயே இருந்தது. ஆனால் மேற்பார்வையாளர் அந்தப் பெண்ணிடம் போய் அளவைக் கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொண்டிருந்ததை வெளியேறும்போது பார்த்தேன். கண்துடைப்புக்காக எழுதினாரோ என்னவோ, அறியேன்.

வாயிலில் காவலர் ஒட்டுவில்லையை உரித்துக் கைப்பேசியைத் தந்ததும் அவளை அழைத்தேன்.

"என்னாடி, இந்நேரத்துல? கவுன்டர்ல இருக்கன்."

"இரண்டு நிமிடம்," என்றேன். நடந்ததைச் சொன்னேன்.

"நீ என்னா பதில் சொன்ன?"

"பதில் இல்லையென்று சொன்னேன்."

"மைக்லயா?"

"மைக்கில்தான்."

அவள் சிரிப்பாள், 'உன்னைக் கிழிச்சுத் தொங்க விட்டுட்டாளா' என்று கேட்பாள் என்று எதிர்பார்த்தேன். வங்கியின் வரிசை எண்ணை அறிவிக்கும் இயந்திரக் குரல் மட்டும் கேட்டது.

"அஞ்சு வருசம் உன்கூடப் பேசனன்," என்றாள் பிறகு. "ஒரு தடவ கூட அத எங்கிட்ட சொன்னதில்ல நீ. நான் எவ்ளோ நல்ல பாயின்ட் வெச்சாலும் ஏதாவது ஒண்ணு சொல்லிச் சமாளிப்ப. அந்த வார்த்தைக்காகத்தான்டி அவ்ளோ பஸ்ஸ விட்டன். யாரோ ஒருத்திக்குச் சொல்லிட்டியே." யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். "சரி, வெக்கறன்."

அன்று மாலையே பயிற்சி நிறுவனத்துக்கு வரவில்லை என்று எழுதினேன். மேலாளர் காரணம் கேட்டார். உங்கள் பாடங்களில் தொழிலாளர்கள் மறுத்துப் பேச எவ்வளவு நேரம் ஒதுக்கியிருக்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்டேன். கேள்வி பதிலுக்குத் தனியாக ஒரு படிவம் இருப்பதாகச் சொன்னார். அப்பாவிடம் சொன்னபோது, "ஓ," என்று மட்டும் சொல்லிவிட்டுத் தோட்டத்துக்குப் போனார். அந்த ஆலையிலிருந்து கட்டைவிரல் வரவில்லை. மதிப்பெண் தாளில் இந்த உரைக்கான கட்டங்கள் காலியாகவே கிடக்கின்றன.

அவளிடம் அதன் பிறகு பேசவில்லை. அவள் வைத்த நல்ல வாதங்கள் எத்தனையோ இப்போது ஒவ்வொன்றாக நினைவுக்கு வருகின்றன. அவற்றுள் பாதிக்கு அன்றும் என்னிடம் பதில் இருந்ததில்லை. இதைக் கைப்பேசியில் சொல்ல எனக்கு மனமில்லை. இராமநாதபுரத்துக்கு எப்படிப் போவது என்று விசாரித்தேன். சேலத்தில் ஒரு முறை பேருந்து மாறி, மதுரையில் இன்னொரு முறை மாற வேண்டும் என்றார்கள்.